தாய்மொழிப் பள்ளியில் தொடங்கிய விஞ்ஞானி

மாணவச் செல்வங்களே! உலர்ந்த தலைமுடியைப் பிளாஸ்டிக் சீப்பால் வாரி, அச்சீப்பைக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுசெல்லுங்கள். அவை தாவி ஒட்டும். உராய்வால் பிறக்கும் இதுவே நிலைமின்சாரம். மின்னேற்றம் மிகுந்தால் பொறியாகப் பாயும். அத்தகைய பொறியைக் கொண்டு அரும்பணி ஆற்றியவர் அறிஞர் ஜகதீச சந்திர போஸ்.

1858-இல் வங்காளத்தில் பிறந்த அவரைத் தந்தையார் முதலில் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். மீனவர் மகனும் அவருடன் அமர்ந்து பயின்றான். 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். இந்தியர் என்பதால் ஊதியத்தைக் குறைத்தனர். மூன்றாண்டுகள் அதனைத் தொடாமலே கற்பித்து, முழு ஊதியத்தையும் வென்றார். 1895 அளவில், மின்பொறி எழுப்பிய கண்ணுக்குப் புலப்படாத அலைகளைச் சுவர் கடந்து செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். 1937-இல் மறைந்தார்.

பெற்றோர்களே! அவ்வறிஞரின் முதற்படி தாய்மொழிப் பள்ளியே. நம் தோட்டத்துப் பிள்ளைகளின் முதற்படியும் அதுவே. அவர்களை நாள் தவறாது அனுப்பி வையுங்கள்.