ராணி பார்க்காமலே போன வாட்ச்!

உங்க வாட்ச்சுல பேட்டரி இருந்தா அது குவார்ட்ஸ். தினமும் சாவி கொடுத்தா மேனுவல். ரெண்டும் இல்லாம, கை அசைஞ்சாலே ஓடுதா? ஆட்டோமேட்டிக். அப்போ நீங்க ஆப்ரஹாம் லூயி பிரெகேவைத் தெரிஞ்சுக்கணும்.

1747-ல், இன்றைய சுவிட்சர்லாந்தில் இருக்கும் நியூஷாடெல்லில் பிறந்தவர். சின்ன வயசுலேயே அப்பாவை இழந்தார். தொழில் கற்று, 1775-ல் பாரிஸில் சொந்தக் கடை போட்டார். அப்போ வாட்ச்னா சட்டைப்பையில்தான். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைச் சாவியால் முறுக்கணும், மறந்தா நின்னுடும். 1780 வாக்கில் பிரெகே ஒரு எடைக்கட்டியை உள்ளே வெச்சார். நீங்க நடந்தா அது ஆடும், ஸ்பிரிங் தானா முறுக்கிக்கும். இந்த ஐடியா அவருக்கு முன்னாடியே இருந்ததுதான். ஆனா, நம்பி வாங்குற அளவுக்குச் செஞ்சு காட்டியது இவர்.

அரண்மனையே அவர் கஸ்டமர். 1783-ல் ராணி மரீ அன்டோனெட்டுக்காக ஓர் ஆர்டர் வந்தது. அன்றைக்குத் தெரிந்த எல்லா நுட்பமும் ஒரே வாட்ச்சில் வேணும்; செலவும் நாளும் எவ்வளவு ஆனாலும் சரி. அதுவும் ஆட்டோமேட்டிக்தான்.

நடுவில் புரட்சி. 1793-ல் உயிருக்குப் பயந்து சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். அதே வருஷம் ராணியின் தலை கில்லட்டினில் விழுந்தது. 1795-ல் பாரிஸ் திரும்பியவருக்குக் கடையை மறுபடி முதலிலிருந்து தூக்கி நிறுத்தும் வேலை. அப்படியும் 1801-ல் டூர்பியானுக்கு பேட்டன்ட் வாங்கிட்டார். பையில் நிமிர்ந்தே கிடக்கும் வாட்ச்சின் நேரத்தைப் புவியீர்ப்பு கெடுக்கும். அதனால துடிக்கும் பாகத்தையே கூண்டில் வெச்சு சுத்தவிட்டார். (சதா அசையுற கைக்கு அது அவ்வளவா தேவையில்லை. விலையைக் கேட்டா மயக்கம் வரும்!)

1823-ல் பிரெகே இறந்தார். ராணியின் வாட்ச் அப்பவும் முடியலை. அவரோட பட்டறை அதை முடிச்சது 1827-ல்.