வேகத்தின் எல்லை: சர் மால்கம் காம்பெல் வாழ்க்கை

தரையில் மணிக்கு 300 மைல் வேகத்தை முதன்முதலில் கடந்த மனிதர் இங்கிலாந்தைச் சேர்ந்த சர் மால்கம் காம்பெல். 1924 முதல் 1935 வரை ஒன்பது முறை உலக வேகச் சாதனையைத் தம் பெயருக்கு ஆக்கிக்கொண்டவர். அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எஞ்சினின் குதிரைத் திறனையும் அவருடைய துணிச்சலையுமே பெரிதாகச் சொல்வர். இயற்பியல் மாணவனாகிய எனக்கு அவர் வாழ்க்கையில் வேறொன்று பெரிதாகத் தெரிகிறது. அவருடைய எஞ்சின் இன்னும் வேகமாக ஓடத் தயாராக இருந்த போதெல்லாம் அவரைத் தடுத்து நிறுத்தியது சக்கரத்தைச் சுற்றியிருந்த ரப்பர்தான். அந்தக் கோணத்திலேயே அவர் வரலாற்றை இங்கே கூற முற்படுகிறேன்.

காம்பெல் 1885ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் கென்ட் மாநிலத்துச் சிசில்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வைர வணிகர், செல்வத்திற்குக் குறைவில்லை. மகன் லண்டனில் காப்பீட்டுத் தொழிலில் இறங்கி, செய்தித்தாள்கள் மீது தொடரப்படும் அவதூறு வழக்குகளுக்குக் காப்பீடு தரும் புதுமையான வியாபாரத்தில் நல்ல பொருள் ஈட்டினார். பிறருடைய ஆபத்துக்கு விலை போடத் தெரிந்தவர் தம் ஆபத்துக்கு விலை போடவில்லை என்பது சற்று வேடிக்கைதான். முதலில் மோட்டார் சைக்கிள், பிறகு கார் என்று பந்தயத்தில் அவருக்குப் பித்துப் பிடித்தது.

1907இல் திறக்கப்பட்ட புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடம் ஏறத்தாழ 2¾ மைல் சுற்றளவு கொண்டது. முழுவதும் கான்கிரீட். வளைவுகளில் கிண்ணத்தின் உட்புறம் போல உயர்ந்து சரிந்திருக்கும். அங்கே ஓட்டிய தம் காருக்குக் காம்பெல் நீலவண்ணம் பூசி, அக்காலத்தில் லண்டனில் புகழ்பெற்றிருந்த மேட்டர்லிங்கின் நாடகத்தின் பெயரால் ‘நீலப் பறவை’ என்று பெயரிட்டார். அதன்பின் அவருடைய கார்கள் அனைத்தும் நீலப் பறவைகளே. கான்கிரீட் தளம் டயரை அரம் போல் அராவக்கூடியது. 1912ஆம் ஆண்டுப் பந்தயம் ஒன்றில், முடிவுக் கோடு அருகில் இருக்கும்போதே அவருடைய கார்ச் சக்கரங்கள் ஒரு பக்கமாக நொறுங்கின. காயமின்றித் தப்பினார்.

இங்கே டயரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அறுவடைக் காலத்தில் குடவாசல் சுற்று வட்டாரத்தில் நெல் மூட்டை ஏற்றிச் செல்லும் டயர் மாட்டு வண்டிகளை நாம் பார்த்திருக்கிறோம். லாரியில் ஓடித் தேய்ந்து கழித்த மொட்டை டயரைத்தான் பல வண்டிகளில் மாட்டியிருப்பார்கள். அதுவும் பாரம் சுமந்து ஆண்டுக் கணக்கில் உழைக்கிறது. காரணம், மாடு நடக்கிற நடை. மேலும் இழுப்பது மாடு, சக்கரம் வெறுமனே உருள்கிறது. ஆகவே எடை மட்டும் டயரைத் தின்பதில்லை. எஞ்சின் சக்கரத்தைத் திருகும்போதும், பிரேக் பிடிக்கும்போதும், வளைவில் திரும்பும்போதும் ரப்பர் தரைமீது சிறிது வழுக்குகிறது. அந்த வழுக்கலில் சூடு பிறக்கிறது. சூட்டில் ரப்பர் இளகித் துகள் துகளாகக் கழிகிறது. கார் கனமாக இருந்தால் அதைத் திருப்பவும் நிறுத்தவும் அந்த அளவுக்கு அதிக விசை வேண்டும். அவ்வளவையும் உள்ளங்கை அகலமுள்ள நான்கு ரப்பர்த் துண்டுகளே தாங்க வேண்டும். சென்னைக்கருகில் சோழவரம் விமான ஓடுதளத்தில் முன்பு நடந்த பந்தயங்களிலும், 1990இல் வந்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் இன்று சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்போர் அனுபவத்திலும் இதே கணக்குத்தான். சாலையில் இரண்டு மூன்று ஆண்டு வரவேண்டிய டயர், இரண்டு டன் எடையுள்ள வேகக் காரில் தடத்தில் சில நாள் ஓடியதுமே ஓரம் தேய்ந்து போகிறது.

காம்பெல் கதைக்குத் திரும்புவோம். முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பியவர், விமான எஞ்சின் பூட்டிய சன்பீம் கார் ஒன்றை வாங்கினார். 1924 ஆகஸ்டில் டென்மார்க் நாட்டு ஃபானோ தீவின் கடற்கரையில் சாதனை முயற்சி. கூட்டம் ஓடுபாதைக்கு மிக அருகில் நிற்பதைக் கண்டு அமைப்பாளர்களிடம் அவர் ஆட்சேபம் தெரிவித்தார். பயனில்லை. ஓட்டம் ஒன்றில் பின் டயர்கள் கழன்றன. பிறகு ஓடியபோது முன் டயர் ஒன்று சக்கரத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஒரு சிறுவன் இறந்தான். விசாரணையில் காம்பெல் மீது குற்றமில்லை என்று முடிவாயிற்று. சட்டப்படி அது சரியே. ஆனால் முதல் டயர்கள் கழன்ற பின்னும், கூட்டம் விலகாத நிலையில், மறுபடி ஓட்டியிருக்க வேண்டுமா என்ற கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. அடுத்த மாதம், செப்டம்பர் 25ஆம் நாள், அதே காரில் வேல்ஸ் நாட்டுப் பெண்டைன் கடற்கரையில் 146.16 மைல் வேகத்தை எட்டி முதல் சாதனையைப் பெற்றார். அந்தச் சிறுவன் புகழ் வரலாற்றில் ஒரு வரியாகச் சுருங்கிப் போனான்.

1927, 1928 என்று வேகம் ஏறியது. 1929இல் தென்னாப்பிரிக்காவின் வெர்னுக் பான் என்னும் வறண்ட ஏரிப்படுகையைத் தேர்ந்தெடுத்தார். பரந்த சமவெளி, ஆனால் மண்ணுக்குள் கூரிய கற்கள். ஆட்களை வைத்துப் புதரும் கல்லும் அகற்றிப் பாதை அமைத்தும், தரை டயர்களைக் கீறிக் கிழித்தது. அதற்குள் சீக்ரேவ் என்னும் வீரர் அமெரிக்காவில் 231 மைல் ஓட்டிவிட்டார். காம்பெல் எட்டியது 218தான். 1931இல் அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரையில் 246 மைல் ஓட்டினார். அவ்வாண்டே ‘சர்’ பட்டம் கிடைத்தது.

1933 முதல் அவர் காரில் இருந்தது ரோல்ஸ்ராய்ஸ் விமானப் பந்தய எஞ்சின்; 2,000 குதிரைத் திறனுக்கு மேல். கார் ஏறத்தாழ ஐந்து டன். 1935 மார்ச்சில் டேட்டோனா மணல் மேடு பள்ளமாக இருந்தது. மேட்டில் பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. எழும்பியபோது எஞ்சின் அவற்றை வெறுமனே சுழற்றியது. மறுபடி தரை தொட்டபோது ரப்பர் உரிந்தது. பின்பக்கம் இரட்டைச் சக்கரம் பூட்டியிருந்தும் 276.82 மைலுக்கு மேல் போக முடியவில்லை.

ரப்பரைத் தடிமனாக வைத்தால் தேயாதே என்று கேட்கலாம். அங்கேதான் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. மூன்றடி விட்டமுள்ள சக்கரம் 300 மைல் வேகத்தில் விநாடிக்கு 45 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அப்போது டயர்ப் பரப்பிலுள்ள ஒரு கிராம் ரப்பர், ஏறத்தாழ நான்கு கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போல வெளிநோக்கி இழுக்கும். கனத்த ரப்பர் தன் எடையாலேயே பிய்ந்து பறந்துவிடும். அதனால் டன்லப் நிறுவனம் அவருக்கு மிக மெல்லிய மேல்ரப்பர் கொண்ட டயர்களையே செய்து தந்தது. மெலிந்தால் தேய்ந்து போகும், தடித்தால் பிய்ந்து போகும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சில மைல் தூரத்துக்கு மட்டுமே உயிர் வாழும் டயர் அது. போகும் ஓட்டம், திரும்பும் ஓட்டம் இரண்டையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. இடையில் எல்லா டயர்களையும் மாற்றியாக வேண்டும்.

1935 செப்டம்பர் 3. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் போன்வில் உப்புப் பாலை. காம்பெலுக்கு வயது ஐம்பது. முதல் ஓட்டத்தில் முகப்புக் கண்ணாடியில் எண்ணெய் படிந்து பார்வை மறைந்தது. புகை உள்ளே வந்தது. அளவிட்ட மைலைக் கடந்த வேளையில் முன் டயர் ஒன்று வெடித்தது. ஐந்து டன் வண்டியை அந்த வேகத்தில் நேராகப் பிடித்து நிறுத்தினார். நின்றபோது டயர் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. உதவியாளர்கள் அரும்பாடுபட்டு டயர்களை மாற்ற, விதித்த நேரத்துக்குள் திரும்பி ஓடினார். சராசரி 300ஐத் தொடவில்லை என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு கணக்கில் பிழை இருப்பது தெரிந்து 301.129 மைல் என்று திருத்தினார்கள். வெற்றியின் முதல் மகிழ்ச்சி அவருக்குக் கிட்டாமலே போயிற்று.

அதன்பின் அவர் தரையை விட்டுத் தண்ணீருக்குப் போனார். படகுக்கு டயர் இல்லை. 1939இல் கானிஸ்டன் ஏரியில் 141.74 மைல் வேகத்தில் நீர்ச் சாதனை படைத்தார். சீக்ரேவும் பாரி தாமஸும் வேகத்துக்கே பலியாயினர். காம்பெல் 1948 டிசம்பர் 31ஆம் நாள் நோயுற்றுத் தம் வீட்டிலேயே காலமானார்.

அவர் மகன் டொனால்டு 1964 ஜூலை 17இல் ஆஸ்திரேலியாவின் ஐயர் ஏரி உப்புப் படுகையில் 403.1 மைல் ஓட்டினார். அந்தக் காரும் நீலப் பறவை, அந்த டயரும் டன்லப். ஈர உப்பில் ஓடி நின்றபின் பார்த்தபோது டயரின் மேல்ரப்பர் இடையிடையே பெயர்ந்திருந்தது.