மேரி சார்லீப்

மேரி சார்லீப் (ஜூன் 18, 1845 - நவம்பர் 21, 1930) பிரித்தானிய மகளிர் நோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஆவார். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட நான்கு பெண்களுள் ஒருவர். சென்னையில் பெண்களுக்கெனத் தனி மருத்துவமனை அமையக் காரணமானவர்.

இளமையும் கல்வியும்

இலண்டனில் பிறந்த இவர், வழக்கறிஞர் வில்லியம் சார்லீப்பை 1865இல் மணந்து, 1866இல் சென்னைக்கு வந்தார். கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாமல் உயிரிழப்பதை அறிந்து, மருத்துவம் கற்க முடிவு செய்தார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1878இல் தேர்ச்சி பெற்றார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தில் 1882இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

சென்னைப் பணி

1883இல் சென்னைக்குத் திரும்பி, மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1885இல் இவருடைய முயற்சியால் கோஷாப் பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை தொடங்கப்பட்டது. பெண்களைப் பெண் மருத்துவரே தொட்டுச் சோதிக்க அங்கு வழி ஏற்பட்டது.

அக்கால நோயறிதல்

எக்சு கதிர்கள் 1895இல்தான் கண்டுபிடிக்கப்பட்டன. வயிற்றுக் கட்டிகளை மீயொலியால் ஆராய்ந்த முன்னோடிக் கட்டுரை 1958இல் வெளிவந்தது. ஆகவே, பெருத்த வயிற்றுக்குக் காரணம் கருவா, மகோதரமா, கருப்பை நார்க்கட்டியா, சூலகக் கட்டியா என்பதை மருத்துவர் கையால் தொட்டும் தட்டியுமே அறிய வேண்டியிருந்தது. நோயாளி மல்லாந்து படுத்திருக்கையில் மகோதர நீர் பக்கங்களில் தேங்குவதால், தட்டும்போது அங்கு மந்த ஒலி கேட்கும். பெரிய சூலகக் கட்டியில் நடுவயிற்றிலேயே மந்த ஒலி கேட்கும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. அரிதாக, தீங்கற்ற சூலக நார்க்கட்டியுடன் வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் கோத்துக்கொள்ளும். முற்றிய புற்றுநோய் போலத் தோன்றினாலும், கட்டியை அகற்றினால் நீர் வற்றிவிடும். அமெரிக்க மருத்துவர் சோ மெய்க்சு 1937இல் இதனை விளக்கிய பின்னரே இது பரவலாக அறியப்பட்டது. கருவி வசதி குறைந்த மருத்துவமனைகளில் இன்றும் கைச்சோதனையே முதற்படியாகும்.

பிற்காலம்

உடல்நலக் குறைவால் 1887இல் இங்கிலாந்து திரும்பினார். 1888இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டத்தைப் பெற்ற முதல் பெண்ணானார். 1902இல் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மகளிர் நோய் மருத்துவராகப் பொறுப்பேற்றார். வயிற்று அறுவையில் பெரும்புகழ் பெற்றார். 1926இல் டேம் பட்டம் அளிக்கப்பட்டது.

இவர் தொடங்கிய மருத்துவமனை, திருவல்லிக்கேணியில் அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனையாக இயங்கி வருகிறது. மக்கள் இதனைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கின்றனர்.