விலக்கியபோதும் விலகாதவர்

இறைவன் போதும், திருச்சபை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஞாயிறு திருப்பலி போதும், தனிச்செபம் எதற்கு என்பவர்களும் உண்டு. இருவருக்கும் புனித மேரி மக்கிலப்பின் வாழ்வு ஒரு பாடம்.

1842-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பிறந்த மேரி, 1866-ல் அருள்தந்தை ஜூலியன் டெனிசன் உட்ஸுடன் இணைந்து, பெனோலா என்ற சிற்றூரில் பள்ளி தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி தரும் புனித சூசையப்பர் சகோதரிகள் சபை அங்கே பிறந்தது. சபையின் ஒழுங்குகளை மாற்ற விரும்பிய அடிலெய்டு ஆயர் ஷீல், கீழ்ப்படியவில்லை என்று சொல்லி, 1871 செப்டம்பரில் மேரியைத் திருச்சபைக்குப் புறம்பாக்கினார். அப்போது அவருக்கு வயது 29. நற்கருணை மறுக்கப்பட்ட அந்த வேளையிலும் இறைவன் தம் அருகில் இருப்பதை அவர் உணர்ந்தார். ஆயரைப் பழிக்கவில்லை, தனிக்கூட்டம் சேர்க்கவும் இல்லை.

1872 பிப்ரவரியில், மரணப்படுக்கையில் இருந்த ஆயர் அத்தண்டனையை நீக்கினார். மேரி அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 1873-ல் உரோமைக்குச் சென்று, சபையின் ஒழுங்குகளுக்குத் திருத்தந்தையிடமே ஒப்புதல் வேண்டினார். 1909-ல் இறந்த அவரை, 2010-ல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் புனிதராக அறிவித்தார்.

உள்ளத்து செபமே அவரைத் திருச்சபைக்குள் நிலைக்கச் செய்தது. பங்கில் ஒரு மனத்தாங்கல் வந்தால், நம்மை நிலைக்கச் செய்வது எது?