இசைத்தட்டில் வாழும் குரல்

தமிழ் நாடக மேடையைத் தம் பாட்டால் ஆண்டவர் எஸ்.ஜி. கிட்டப்பா. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் இருந்தவருக்கும் தெளிவாகக் கேட்கும்படி பாடியவர் அவர். அவர் வாழ்ந்தது 27 ஆண்டுகளே. எந்தத் திரைப்படத்திலும் அவர் நடிக்கவில்லை. ஆயினும், அவருடைய குரலை இன்றும் நம்மால் கேட்க முடிகிறது. அரக்கால் செய்யப்பட்ட இசைத்தட்டுகளே அதற்குக் காரணம்.

கிட்டப்பா 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் செங்கோட்டையில் பிறந்தார். அவ்வூர் அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. தந்தையார் கங்காதர ஐயர். தாயார் மீனாட்சி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். குடும்பத்தில் வறுமை நிலவியதால், அண்ணன்மாரைப் போலவே அவரும் சிறு வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்தார். மேடையே அவருக்குப் பள்ளிக்கூடமானது. பின்னர், கன்னையாவின் புகழ்பெற்ற நாடகக் குழுவில் இணைந்தார். தசாவதாரம் நாடகத்தில் அவர் ஏற்ற பரதன் வேடம் மக்களின் மனத்தைக் கவர்ந்தது. உச்சத்தாயியில் சற்றும் பிசிறின்றிப் பாடும் ஆற்றலே அவருடைய தனிச்சிறப்பு.

அவருக்கு ஈடுகொடுத்துப் பாடக்கூடியவராக மேடைக்கு வந்தவர், கொடுமுடியைச் சேர்ந்த கே.பி. சுந்தராம்பாள். இலங்கையில் இருவரும் இணைந்து நடிக்கத் தொடங்கினர். இருவர் குரலும் போட்டியிட்டு உயர்வதைக் கேட்கவே மக்கள் திரண்டனர். 1927ஆம் ஆண்டில் அவர்கள் வாழ்விலும் இணைந்தனர். விடுதலைப் போராட்டக் காலமாதலால், தேசியப் பாடல்களையும் மேடையில் பாடினர்.

அக்காலத்தில்தான் இசைத்தட்டு தமிழர் இல்லங்களை எட்டத் தொடங்கியது. மேடையில் ஒரு பாட்டை நீட்டிப் பாடலாம். மக்கள் ஒன்ஸ்மோர் கேட்டால் மீண்டும் பாடலாம். இசைத்தட்டிலோ ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே கிடைக்கும். அந்தச் சிறு நேரத்திற்குள் பாட்டைச் சுருக்கி, அதன் உயிர் கெடாமல் பாட வேண்டும். கிட்டப்பா அதிலும் வென்றார். அவருடைய நாடகத்தைக் காணாதவர்களும் அவருடைய பாட்டைக் கேட்டு மகிழ்ந்தனர்.

1931ஆம் ஆண்டில் முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் வெளிவந்தது. நாடக நடிகர்கள் திரையுலகை நோக்கி நகரத் தொடங்கினர். ஆனால், கிட்டப்பாவிற்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. உடல்நலம் குன்றிய அவர் 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றுமுதல் அவர் வெள்ளாடையே உடுத்தினார். ஆண் நடிகர் எவருடனும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935ஆம் ஆண்டில் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் தாமே நந்தனாராக நடித்தார். அவர் முகத்தையும் குரலையும் திரைப்படங்கள் காத்துத் தந்துள்ளன. கிட்டப்பாவின் குரலைக் காத்தவை இசைத்தட்டுகள் மட்டுமே.

அந்தத் தட்டுகளை அன்று ஒலிக்கச் செய்தது சாவி கொடுத்து இயக்கும் கிராமபோன். அதற்கு மின்சாரம் தேவையில்லை. கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளே இருக்கும் சுருள்வில் இறுகும். அது தளரும்போது தட்டு சுழலும். ஊசியின் அதிர்வை ஒலிப்பெட்டியில் உள்ள மெல்லிய தகடு ஒலியாக மாற்றும். கையில் எடுத்துச் செல்லும் வகை, பார்ப்பதற்குச் சிறு பயணப் பெட்டியைப் போல் இருக்கும். எச்.எம்.வி. நிறுவனத்தின் 101 எனும் வகை 1925ஆம் ஆண்டிலும் 102 எனும் வகை 1931ஆம் ஆண்டிலும் அறிமுகமாயின.

இத்தகைய கருவிகளை இன்றும் பழம்பொருள் சந்தைகளில் காணலாம். பாகான் டாலாமில் வாழ்பவர் பெரி ஏறி ஜார்ஜ்டவுனுக்குச் சென்றால், அங்கே பழம்பொருளுக்குப் பெயர்பெற்ற லோரோங் கூலிட் சந்தை இருக்கிறது. இத்தகைய சந்தைகளில் முதன்முறையாகக் கிராமபோன் வாங்குபவர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பளபளக்கும் பெரிய பித்தளைக் குழலும் நாய்ச் சின்னமும் இருந்தால் மட்டும் ஒரு கருவி பழமையானது ஆகிவிடாது. பல உதிரிப் பாகங்களை ஒட்டி அண்மையில் செய்யப்பட்டவையும் விற்பனைக்கு வருகின்றன. கைப்பெட்டி வகையிலோ குழல் வெளியே தெரியாது. அது பெட்டிக்குள்ளேயே மடிந்து அமைந்திருக்கும்.

விலை பேசுவதற்கு முன் ஒரு தட்டின் முழுப் பக்கத்தையும் ஒலிக்கச் செய்து கேட்க வேண்டும். தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழல வேண்டும். தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டை அடையாளமாக வைத்து எண்ணினால், அரை நிமிடத்தில் 39 சுற்று வர வேண்டும். சுருள்வில் பழுதாயிருந்தால் வேகம் பாதியில் குறையும். குரலும் தாழ்ந்து இழுபடும். வேகம் கூடினாலோ குரல் கீச்சிடும். கிட்டப்பாவின் பெருமையே சுருதி தவறாத உச்சக் குரலில்தான் இருக்கிறது. தவறான வேகத்தில் சுழலும் கருவியில் நாம் கேட்பது அவருடைய குரலே அன்று.

வாங்கிய பிறகும் கவனம் தேவை. இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்திற்கும் மாற்ற வேண்டும். தேய்ந்த ஊசி தட்டின் வரிகளைக் கிழித்துவிடும். அரக்குத் தட்டு கைதவறி விழுந்தால் உடைந்துவிடும். உடைந்த தட்டிலுள்ள பாட்டை மீண்டும் பாடித் தரக் கிட்டப்பா இல்லை.

பழம்பொருள் சேகரிப்பு வெறும் பொழுதுபோக்கன்று. பொருளின் தன்மையை அறிந்து பேணுபவரால்தான், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அடங்கிய ஒரு குரல் இன்றும் அதே சுருதியில் ஒலிக்கிறது.