பெர்த்தா பென்ஸ் அம்மையார்

மோட்டார் வண்டியை உருவாக்கியவர் யார் என்று வினவினால், கார்ல் பென்ஸ் என்று நம்மில் பலர் விடை கூறிவிடுவோம். அவ்வண்டி நடுவழியில் நின்றபோது அதைச் செப்பனிட்டு ஊர் சேர்த்தவர் அவருடைய துணைவியார் என்பதை அறிந்தோர் சிலரே.

பெர்த்தா ரிங்கர் 1849ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், தென்மேற்கு ஜெர்மனியிலுள்ள போர்ஸ்ஹைம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் தச்சுத் தொழிலும் கட்டடத் தொழிலும் செய்து பொருளீட்டியவர். பெர்த்தாவுக்கும் கார்ல் பென்ஸுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்த காலத்தில், கார்லின் பட்டறை கூட்டாளியால் நொடிக்கும் நிலையை அடைந்தது. பெர்த்தா தம் சீதனப் பணத்தை முன்னதாகவே வாங்கிக் கொடுத்து அதை மீட்டார். 1872இல் திருமணம் நடந்தது. பின்னர் வறுமையும் கடனுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரப்பட்டது. முதல் போட்டவர் பெர்த்தா. பதிவான பெயர் கணவருடையது மட்டுமே!

வண்டி பிறந்தது, வாங்குவோர்தாம் இல்லை. குதிரையின்றி ஓடுவதைக் கண்டு மக்கள் அஞ்சினர். கார்லோ மேலும் மேலும் திருத்திக்கொண்டிருந்தாரேயன்றி, அதை நெடுந்தொலைவு ஓட்டிக் காட்டத் துணியவில்லை. சீதனம் முழுவதும் அந்த வண்டிக்குள் முடங்கிக் கிடந்தது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் அதிகாலை, கணவரிடம் சொல்லாமலேயே, ஆய்கன், ரிச்சர்ட் என்னும் இரு புதல்வர்களுடன் பெர்த்தா வண்டியைக் கிளப்பினார். மான்ஹைமிலிருந்து தாய்வீடான போர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. பெட்ரோல் நிலையமும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை.

வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில், துணிக்கறை நீக்க விற்ற லிக்ராயின் என்னும் திரவத்தை எரிபொருளாக வாங்கினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். இந்த ஊசிக் கதையைத்தான் பலரும் வியந்து பேசுவர். எனக்கோ அதனினும் பெரிதாகத் தோன்றுவது மின்கம்பியைச் சரிசெய்ததே.

தோழியரே, அந்த வண்டியில் விளக்கு கிடையாது, ஹாரன் கிடையாது. மின்சாரத்துக்கு ஒரே வேலைதான். பாட்டரியிலிருந்து வரும் மின்சாரம் காயிலில் மிகுந்த அழுத்தம் பெற்று, கம்பி வழியே ஸ்பார்க் பிளக்கை அடைந்து, சிலிண்டருக்குள் பொறியாகத் தெறிக்க வேண்டும். வண்டியின் அதிர்வில் கம்பியின் மேலுறை உராய்ந்து தேய்ந்தால், மின்சாரம் பிளக் வரை செல்லாது. அருகிலுள்ள இரும்பின்மீது தாவிவிடும். எரிபொருள் நிறைந்திருந்தும் எஞ்சின் பற்றாது. அடைபட்ட குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்துவிடலாம். மின்சாரமோ கண்ணுக்குத் தெரியாதது. பாட்டரியில் தொடங்கி ஒவ்வோரிடமாகப் பார்த்து, அது எங்கே வழிதவறுகிறது என்று அறிந்தால்தான் உண்டு. இன்றும் பழைய கார்களைப் பழுது பார்ப்போர் செய்வது இதுவே. தேய்ந்த இடத்தைப் பெர்த்தா கண்டார். காலுறை நழுவாதிருக்க அணிந்திருந்த பட்டையைக் கழற்றிக் கம்பியைச் சுற்றிக் கட்டினார். எஞ்சின் உயிர்பெற்றது. கணவரின் பட்டறையில் அருகிருந்து கண்டவை கைகொடுத்தன போலும்.

மேடுகளில் பிள்ளைகள் வண்டியைத் தள்ளினர். தேய்ந்த பிரேக் கட்டைகளுக்கு வழியிலிருந்த செருப்புத் தொழிலாளி ஒருவர் தோல் தைத்துக் கொடுத்தார். மாலையில் ஊர் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி பறந்தது. சில நாட்களில் அதே வண்டியில் திரும்பியும் வந்தார்.

அவர் கூறிய குறைகளைக் கேட்டு, மேடேறுவதற்கென மற்றொரு கியரைக் கார்ல் சேர்த்தார். பின்வந்த ஆண்டுகளில் வண்டிகள் விற்பனையாயின, பட்டறை பெருந்தொழிற்சாலையாயிற்று. கார்ல் 1929இல் மறைந்தார். 1944ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், தொண்ணூற்றைந்தாம் பிறந்தநாளன்று, கணவர் பயின்ற கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி பெர்த்தாவைக் கௌரவ செனட்டராக்கியது. அவர் இளம்பெண்ணாயிருந்தபோது அத்தகைய கல்லூரிகளில் பெண்கள் சேர இயலாது. இரண்டு நாட்களுக்குப்பின் லாடன்பர்க் இல்லத்தில் அவர் உயிர்நீத்தார்.