மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம்

திருச்சபை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கப்பலேறி வந்த மேனாட்டுப் போதகரிடமிருந்தே தொடங்குவர். தென் திருவிதாங்கூரைப் பொறுத்தமட்டில் அம்முறை பொருந்தாது. அங்கே போதகர் கால்வைக்கும் முன்னரே ஒரு சிறு சபை கூடிற்று. அதனைக் கூட்டியவர், இன்று கல் சிற்பத் தொழிலால் பெயர்பெற்று விளங்கும் மயிலாடியில், சாம்பவர் குலத்தில் தோன்றிய மகாராசன் ஆவார்.

அவர் பிறந்த பதினெட்டாம் நூற்றாண்டின் திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்டோர் நிலை சொல்லுந்தரமன்று. ஊழியம் என்ற பெயரில் கூலியின்றி வேலை வாங்கப்பட்டனர். பொதுவழியில் நடக்கவும் தடையிருந்தது. பறையரும் புலையரும் நிலத்தோடு சேர்த்து விலைபேசப்பட்டனர். 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்கூட அந்நாட்டில் ஏறத்தாழ 1,65,000 அடிமைகள் இருந்தனரெனில், அதற்கு முந்தைய நிலையை வாசகர்களே உய்த்துணரலாம்.

சிவபக்தராகிய மகாராசன், தம் மருமகனுடன் தில்லைக்கு யாத்திரை சென்றார். நந்தனார் பிறந்த குலத்தவருக்குக் கோவிலின் உட்புகும் உரிமை அன்றும் இல்லை. தேடி வந்த அமைதி கிட்டாமல் மனம் நொந்து திரும்பியவர், உறவினரைக் காணத் தஞ்சைக்குச் சென்றார். அங்கே கோலாப் ஐயரின் போதனையைக் கேட்டார். 1799இல் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் எனும் பெயருடன் ஊர் திரும்பினார். அவர் இல்லமே முதல் செபவீடாயிற்று. தாம் கேட்டதைச் சுற்றத்தார்க்கு எடுத்துரைத்தார்; கூட்டம் பெருகியது; கூடவே துன்புறுத்தலும் பெருகியது.

இவ்விடத்திலேதான் அவருடைய பெருமையை நாம் காண வேண்டும். துன்பம் தாளாத தம் மக்களைப் பொறுத்துக்கொள்ளுமாறு கூறி அவர் வாளாவிருந்தாரில்லை. அனைவரையும் தஞ்சைப் பக்கம் குடியேற்றிவிடக் கருதி, அவ்வளவு தூரமும் மீண்டும் சென்று உதவி வேண்டினார். ஆன்மாவுக்கு ஒரு மீட்பு, உடலுக்கு வேறொரு மீட்பு எனப் பிரித்துப் பார்க்க அவர் அறியார். ரிங்கல்தௌபே என்னும் செருமானியப் போதகர் விரைவில் வருவார், அதுவரை காத்திருங்கள் என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி.

1806இல் ரிங்கல்தௌபே மயிலாடியை அடைந்தார். தம் ஊதியத்தையெல்லாம் ஏழைகளுக்கே ஈந்த உத்தமர் அவர். எனினும், ஊழியத்துக்கும் வரிக்கும் தப்புவதற்காகவே பலர் வருகின்றனர் என்ற ஐயம் அவருக்கு நெடுகிலும் இருந்தது. அவ்வையம் நியாயமானதே எனச் சிலர் கூறுவர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. எகிப்தின் செங்கற்சூளையிலிருந்து விடுதலை கேட்ட இசுரவேலரை எந்தப் போதகரும் குறைகூறுவதில்லையே! 1980களில் நம் சென்னைக் குருகுல இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் என்று கற்பிக்கப்பட்டதன் வித்து மயிலாடியிலேயே இருந்தது எனலாம்.

திவான் வேலுத்தம்பியின் காலத்தில் ஆலயம் கட்ட இசைவு கிடைக்கவில்லை. 1809இல் அவர் வீழ்ந்தபின் ஆலயம் எழுந்தது. அதே ஆண்டில் பள்ளியும் தொடங்கிற்று. பின்னர் நாகர்கோவிலுக்கு மாற்றப்பட்ட அப்பள்ளியையே இசுக்காட் கிறித்தவக் கல்லூரி தன் தோற்றுவாயாகக் கொள்கிறது. கல்விச் சங்கத்தார் மறவாது குறித்துக்கொள்ளத்தக்க செய்தி இது.

உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே 1816இல் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துச் சென்னை வந்து, மேற்சட்டையுமின்றிக் கப்பலேறினார். அந்நாளில் இங்கே துறைமுகம் ஏது? மசுலாப் படகில் அலைகடந்தே கப்பலை அடைய வேண்டும். படகு வலித்தோர் நம் கடற்கரையார். அதன்பின் அவரைப் பற்றிய செய்தியே இல்லை.

1818இல் மீட் ஐயர் வரும்வரை மயிலாடியையும் சுற்றுப்புறச் சபைகளையும் வேதமாணிக்கமே நடத்தினார். அச்சபைகளில் நாடார் பலர் இருந்தனர். சாம்பவர் ஒருவர் முன்னின்று வேதம் ஓத, பிற குலத்தார் அமர்ந்து கேட்டனர். அடிமை முறை சட்டப்படி நிலவிய நாட்டில் இது நடந்தது.

1827இல் அவர் மறைந்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1855இல். மயிலாடி ஆலயம் இன்று ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் ஆகிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.